உங்களுக்குத் தெரியுமா? ஹம்ப்டி டம்ப்டி முட்டை என்று பாட்டில் எங்குமே இல்லை!

எல்.கே.ஜி. வாண்டுகள் கையை ஆட்டி ஆட்டிப் பாடும் இங்கிலீஷ் ரைம்ஸை என்றைக்காவது குறுக்கு விசாரணை செய்திருக்கிறீர்களா? நான் செய்துவிட்டேன்! பாட்டுக்குப் பாட்டு ஓட்டை. ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் ஒரு புதையல்! எதைச் சொல்வது, எதை விடுவது என்று திணறிப்போனேன். இந்தாருங்கள், பிடியுங்கள்!

ஹம்ப்டி டம்ப்டி சுவர்மேல் உட்கார்ந்தார். விழுந்தார். ஒட்டவைக்க முடியவில்லை. எல்லாம் சரி, அவர் முட்டை என்று உங்களுக்கு யார் சொன்னது? பாட்டை முழுசாகப் பாடிப் பாருங்கள். முட்டை வரவே வராது! ஒரே ஓர் இடத்தில்கூட!

ஏனென்றால் அது விடுகதை! கீழே விழுந்தால் யாராலும் ஒட்டமுடியாதது எது? விடை: முட்டை. இன்றைக்கு அந்த விடையைப் புத்தக அட்டையிலேயே கலர் கலராக அச்சடித்துவிடுகிறார்கள். இருநூறு வருஷத்து விடுகதை, கேட்பதற்கு முன்பே அவிழ்ந்துபோகிறது!

சரி, உடைந்தவரை ஒட்டவைக்க ராஜா எதற்குக் குதிரைகளை அனுப்பினார்? குளம்பை வைத்துக்கொண்டு குதிரை என்னத்தை ஒட்டும்? மிதிக்கத்தான் செய்யும்! நான் விடவில்லை. 1797 வரைக்கும் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டேன். சாமுவேல் ஆர்னால்ட் என்ற இசையமைப்பாளரின் புத்தகத்தில் இந்தப் பாட்டு முதன்முதலாக அச்சானது அந்த வருஷத்தில்தான். அதில் குதிரையே இல்லை! ராஜாவும் இல்லை! 80 ஆட்கள் வருகிறார்கள். பின்னாலேயே இன்னும் 80 ஆட்கள். ஒரு முட்டைக்கு 160 பேர்!

இவருக்கு ஊர் ஊராகச் சொந்தக்காரர்கள் வேறு! டென்மார்க்கில் லில்லே ட்ரில்லே. பின்லாந்தில் ஹில்லெரின் லில்லெரின். பிரான்ஸில் பூல் பூல். பெயர்தான் வேறு வேறு. எல்லாருமே விழுந்து உடைகிறார்கள்!

அவரை முட்டையாகவே உலகத்தின் மனதில் பதியவைத்தது 1871-ல் வந்த ஒரு புத்தகம். லூயிஸ் கரோல் எழுதிய இரண்டாவது ஆலிஸ் கதை. படம் வரைந்தவர் ஜான் டென்னியல். அந்தக் கதையில் ஆலிஸுக்கே ஒரு பெரிய சந்தேகம் வருகிறது. ஹம்ப்டி கட்டியிருப்பது கழுத்துப் பட்டையா, இடுப்பு பெல்ட்டா? முட்டைக்குக் கழுத்து ஏது, இடுப்பு ஏது!

அதே கதையில் 365-லிருந்து 1 போனால் எவ்வளவு என்பதை ஹம்ப்டி நம்பமாட்டார். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வார். போட்டுக் காட்டினால் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பார்! எழுதிய கரோல் யார் தெரியுமா? ஆக்ஸ்போர்டில் கணித விரிவுரையாளர்!

இன்னும் கேளுங்கள். இந்த முட்டை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது! 1941. உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. விசாரணையில்லாமல் ஒருவரை அடைத்துவைத்த வழக்கு. அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் நீதிபதி லார்ட் அட்கின் மாறுபட்ட தீர்ப்பு எழுதுகிறார். அதில் மேற்கோள் காட்டுவது யாரை? கரோலின் ஹம்ப்டி டம்ப்டியை!

நியூயார்க்கில் 1868-லேயே ஹம்ப்டி மேடை ஏறிவிட்டார். ஜார்ஜ் ஃபாக்ஸ் கோமாளி வேஷம் கட்டி ஆடிய நாடகம். எத்தனை காட்சி ஓடியது? 483!

ஹம்ப்டி என்பது 1648-ல் கோல்செஸ்டர் நகர முற்றுகையில் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்த பீரங்கி என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பிவிடாதீர்கள். கதை ஜோர்! ஆதாரம் பூஜ்யம்!

இப்போது உச்சம். ஹம்ப்டி பிழைத்திருக்கலாம்! அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் முட்டை முட்டையாகக் கீழே போட்டுப் பார்த்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். 8 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து நட்டுக்குத்தலாக விழுந்தவற்றில் பாதிக்கு மேல் விரிசல். படுக்கைவசமாக விழுந்தவற்றில்? 10 சதவீதம்கூட இல்லை! பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்தது நேர்மாறு. முட்டை நட்டுக்குத்தலாக நின்றால்தான் பலம் என்றார்கள். ஹம்ப்டி கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தால் போதும், பாட்டே பிறந்திருக்காது!

உடைந்த முட்டையை ஒட்டமுடியாது, சரி. வெந்த முட்டையைப் பச்சையாக்க முடியுமா? முடியும்! கெட்டியாக வெந்த வெள்ளைக்கருவின் புரதத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள் அமெரிக்க, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள். 2015-ல் வேதியியலுக்கான இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு அவர்களுக்குத்தான்! ராஜாவின் ஆட்களால் ஆகாதது ஆய்வுக்கூடத்தில் பாதியாவது ஆகிவிட்டது!

அடுத்து ஜாக், ஜில். இரண்டு பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு குன்றின் மேல் ஏறுகிறார்கள். எதற்கு? தண்ணீர் எடுக்க! தண்ணீர் பள்ளத்தில்தானே இருக்கும்? மேட்டில் யாராவது தேடுவார்களா?

தேடுவார்கள்! திருப்பரங்குன்றம் மலை ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உச்சியில் சுனை! இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கில்மர்ஸ்டன் என்று ஒரு கிராமம். ஜாக்கும் ஜில்லும் ஏறியது எங்கள் ஊர்க் குன்றுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்தக் குன்றின் மேல் கிணறு இருக்கிறது!

ஜில் பெண்பிள்ளை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? 1765 வாக்கில் வந்த மதர் கூஸ் என்ற பாட்டுத் தொகுப்பில் இந்தப் பாட்டுக்கு ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. அதில் நிற்பது இரண்டு பையன்கள்!

ஜாக்கின் மண்டைக் காயத்துக்கு வினிகரும் பழுப்புக் காகிதமும் வைத்துக் கட்டுகிறார்கள். வேடிக்கைக்கு எழுதியதில்லை! அந்தக் காலத்து இங்கிலாந்தில் வீங்கிய இடத்துக்கு அதுதான் வீட்டு வைத்தியம்!

இதற்குப் பதினைந்து சரணம் வரை நீளும் பதிப்பும் உண்டு. நம் பிள்ளைகள் முதல் ஒன்றிரண்டோடு தப்பித்துவிட்டார்கள்!

நிலாவைக் காட்டி நாம் பாட்டி வடை சுடுகிறாள் என்கிறோம். ஐஸ்லாந்துக்காரர்கள் என்ன பார்த்தார்கள்? வாளியோடு இரண்டு பிள்ளைகள்! ஹியூகி, பில். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தவர்களை நிலா அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். 13-ம் நூற்றாண்டில் ஸ்நோரி என்ற ஐஸ்லாந்து எழுத்தாளர் எழுதிவைத்த கதை. ஜாக்கும் ஜில்லும் இவர்கள்தான் என்று 1866-ல் ஒரு பாதிரியார் அடித்துச் சொன்னார். சேபின் பேரிங் கோல்ட் என்று பெயர். நிரூபணம் இல்லை. ஆனால் கேட்கும்போதே சிலிர்க்கிறதே!

இங்கிலாந்தின் சசெக்ஸில் ஜாக், ஜில் இரண்டு பேரும் குன்றின் மேலேயே நிற்கிறார்கள். ஆமாம், இரண்டு காற்றாலைகள்! ஜில் பிறந்தது 1821-ல், பிரைட்டனில். 1852-ல் அவளை அப்படியே பெயர்த்துக் குன்றுக்குக் கொண்டுவந்தார்கள். ஜாக் வந்தது 1866-ல். அவனைவிட அவள் 45 வயது மூத்தவள்!

இன்னொரு பாட்டில் நிலாவைத் தாண்டிய பசுவுக்கு வருவோம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது! உயரம் தாண்டுதலில் மனிதனின் உலக சாதனை 2.45 மீட்டர். கியூபாவின் ஹாவியர் சோட்டோமேயர், 1993. நிலா இருப்பது சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில். அவரைவிடப் பசு எத்தனை மடங்கு அதிகம் தாண்டியிருக்கிறது? நானே கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட 15 கோடியே 69 லட்சம் மடங்கு!

அதைவிட வேடிக்கை இது. நிலா நம்மைவிட்டு வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தப் பாட்டு அச்சேறியது 1765 வாக்கில். அன்றைக்குத் தாண்டிய பசு இன்றைக்கு மறுபடி தாண்டவேண்டும் என்றால்? கூடுதலாக 10 மீட்டர்!

பசு பறந்ததே இல்லை என்கிறீர்களா? பறந்திருக்கிறது! 1930 பிப்ரவரி 18. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். விமானத்தில் பறந்த முதல் பசு, எல்ம் ஃபார்ம் ஆலி! சும்மா பறக்கவில்லை. நடுவானில் பால் கறந்தார்கள்! கறந்த பாலைக் காகித டப்பாக்களில் அடைத்துப் பாராசூட் கட்டிக் கீழே நின்ற கூட்டத்துக்கு இறக்கினார்கள்! கறந்தது 24 குவார்ட். நம் கணக்கில் 22 லிட்டருக்கு மேல்!

நிலாவுக்குப் போன சந்திரயான்-3 எவ்வளவு கனம்? ஏறத்தாழ 3,900 கிலோ. நல்ல கனமான சீமைப்பசு ஒன்று 600 கிலோ இருக்கும். ஆறரைப் பசு கனத்தை நிலாவுக்கு அனுப்பியிருக்கிறோம்! திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், நம்ம விழுப்புரத்துக்காரர்! பாட்டுப் பசுவுக்கு ஒரு தாவல். நமக்கு 40 நாள்!

அதே பாட்டில் நாய் சிரிக்கிறது. விலங்கு சிரிக்குமா? எலி சிரிக்கும்! யாக் பாங்க்செப் என்ற விஞ்ஞானி எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார். அவை 50 கிலோஹெர்ட்ஸில் கீச்சிட்டன. நம் காதுக்கு 20-க்கு மேல் எட்டாது. அதனால்தான் இத்தனை காலம் நமக்குத் தெரியவில்லை!

ட்விங்கிள் ட்விங்கிளைப் பாடுங்கள். அதே மெட்டில் ஏ, பி, சி, டி பாடுங்கள். நிறுத்தாமல் பா பா பிளாக் ஷீப் பாடுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மெட்டு! இத்தனை வருஷம் மூன்று பாட்டு தெரியும் என்று பெருமைப்பட்டோமே, தெரிந்தது ஒன்றுதான்!

அந்த மெட்டு பிரான்ஸிலிருந்து வந்தது. மோட்சார்ட் ஐந்து வயதில் போட்ட மெட்டு என்பார்கள். தவறு! அவர் இருபதுகளில் இருந்தபோது அந்த மெட்டை எடுத்து 12 விதமாக வாசித்துக் காட்டினார். அவ்வளவுதான்!

ட்விங்கிள் எழுதியவர் ஜேன் டெய்லர். 1806-ல் வெளிவந்தது. மொத்தம் ஐந்து சரணம்! இருட்டில் வழி தேடும் ஒரு பயணி அந்தச் சின்ன வெளிச்சத்துக்கு நன்றி சொல்லும் அருமையான இடம் ஒன்று உண்டு. பள்ளிகளில் முதல் சரணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அநியாயம்! பாட்டு வந்த புத்தகத்தில் எழுதியவர் பெயரைக்கூடப் போடவில்லை!

வானத்து வைரம் போல என்கிறதே பாட்டு, நட்சத்திரம் வைரமாக இருக்குமா? இருக்கிறது! சென்டாரஸ் மண்டலத்தில், 50 ஒளியாண்டு தூரத்தில், பி.பி.எம். 37093. இறுகிப் படிகமான கார்பன் நட்சத்திரம் என்று 2004-ல் அறிவித்தார்கள். குறுக்களவு 4,000 கிலோமீட்டர். எத்தனை காரட்? 1 போட்டு, பக்கத்தில் 34 சைபர் போடுங்கள்!

ஆனால் மினுக்குகிறதே, அதுமட்டும் பொய்! நட்சத்திரம் மினுக்குவதில்லை. நம் காற்றுதான் அதை ஆட்டிக் காட்டுகிறது. அந்த மினுக்கலிலிருந்து தப்பிக்கத்தான் ஹபிள் தொலைநோக்கியை 1990-ல் 500 கிலோமீட்டருக்கும் மேலே கொண்டுபோய் வைத்தார்கள்!

பா பா பிளாக் ஷீப் பாட்டில் கறுப்பு ஆடு மூன்று மூட்டை கம்பளி தருகிறது. ஒரே ஆடா? இங்கிலாந்தின் பழைய அளவில் ஒரு கம்பளி மூட்டை 364 பவுண்டு. அதாவது 165 கிலோ. மூன்று மூட்டை 495 கிலோ! உலகத்தையே வாய் பிளக்கவைத்த ஆடு ஆஸ்திரேலியாவின் கிறிஸ். 2015-ல் ஒரே தடவையில் 41.1 கிலோ கத்தரித்தார்கள். பாட்டுக் கணக்கு ஏறத்தாழச் சரியாக வர, கிறிஸ் மாதிரி 12 ஆடு வேண்டும்!

1765 வாக்கில் வந்த பதிப்பில் சந்தில் நிற்கும் சின்னப் பையனுக்குக் கம்பளியே கிடையாது! அழுதுகொண்டு நிற்கிறான்! அதற்கு முன் 1744-ல் வந்த பதிப்பில் அவனுக்கு இருந்த பங்கை யார் பிடுங்கினார்களோ!

அந்த 1744 புத்தகம் எவ்வளவு பெரிது? 3 அங்குல உயரம். 2 அங்குல அகலம்கூட இல்லை! சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். உலகத்தில் மிஞ்சியிருப்பதாகத் தெரிந்த பிரதிகள் இரண்டே இரண்டு!

கம்பளி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைத் தலைவர் உட்காருவது நாற்காலியில் இல்லை. கம்பளி மூட்டையில்! நாட்டின் செல்வமே கம்பளிதான் என்று காட்ட வைத்த மூட்டை. 1938-ல் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது குதிரை முடி!

மேரியின் ஆட்டுக்குட்டி பள்ளிக்கூடத்துக்கே பின்னால் வந்ததாம். ஆட்டுக்கு ஆளை அடையாளம் தெரியுமா? ஒபாமாவையே தெரியும்! 2017-ல் கேம்பிரிட்ஜில் செம்மறி ஆடுகளுக்குப் படம் காட்டிப் பழக்கினார்கள். ஒபாமா, எம்மா வாட்சன் முகங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தன! 2001-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு அதற்கும் மேலே போனது. சக ஆடுகள் 50-ன் முகத்தை இரண்டு வருஷம் மறக்கவில்லை!

1877. எடிசன் தன் ஃபோனோகிராஃப் முன்னால் வாயைத் திறக்கிறார். மனிதக் குரல் முதன்முதலாகப் பதிந்து, திரும்பக் கேட்கப்போகிறது. என்ன பேசினார்? தத்துவமா, பிரார்த்தனையா? மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டு!

அதை எழுதிய சாரா ஜோசஃபா ஹேல் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாளை நாடு முழுக்கக் கொண்டாடவேண்டும் என்று வருஷக்கணக்கில் எழுதிப் போராடியவர். 1863-ல் லிங்கன் அறிவித்தேவிட்டார்!

மழையே போ, இன்னொரு நாள் வா என்று விரட்டும் பாட்டு இருக்கிறதே, அது எங்கே பாடவேண்டிய பாட்டு? லண்டனில் வருஷத்துக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை. சென்னையில் ஏறத்தாழ 1,400! நம்மூரில் பாதி மழைகூட இல்லாத ஊர் மழையை விரட்டுகிறது. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு குடத்தோடு அலைந்த நம் சென்னைப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து விரட்டுகிறார்கள்! தயவுசெய்து அந்த ஒரு பாட்டை மட்டும் நம் மழலையர் பள்ளிகள் விட்டுவிடக்கூடாதா?

ரிங்கா ரிங்கா ரோசஸ் பிளேக் சாவைப் பற்றிய பாட்டு என்று யாராவது பயமுறுத்தினால் இந்த இரண்டு வருஷத்தையும் சொல்லுங்கள். லண்டனில் பெரிய பிளேக், 1665. ஓவியர் கேட் கிரீனவே படம் வரைந்து பாட்டை இங்கிலாந்தில் அச்சிட்டது, 1881. நடுவே 216 வருஷம்! பிளேக் கதையே புழக்கத்துக்கு வந்தது 20-ம் நூற்றாண்டின் நடுவில்தான்!

மூன்று குருட்டு எலிகள் பாட்டு அச்சேறியது 1609. ஷேக்ஸ்பியரின் சானெட் கவிதைகள் வெளிவந்ததும் அதே 1609!

இன்னொரு பாட்டில் எலி கடிகாரத்தில் ஏறுகிறது. ஏறுமா? இங்கிலாந்தின் எக்ஸிடர் பேராலயத்தில் போய்ப் பாருங்கள். பழைய கடிகாரத்தின் கீழே உள்ள கதவில் வட்டமாக ஓர் ஓட்டை. பூனை நுழைவதற்கு! எலி ஏறாமலா பூனைக்கு வழி வெட்டினார்கள்? அந்தப் பேராலயக் கணக்குப் புத்தகத்தில் 1305 முதல் 1467 வரை பூனைக்கென்று செலவு எழுதியிருக்கிறது. வாரத்துக்கு 1 பென்னி!

இனி லண்டன் பிரிட்ஜ். அது விழுகிறது, விழுகிறது என்று உலகமே பாடுகிறது. விழுந்ததா? 1176-ல் கட்ட ஆரம்பித்து 1209-ல் முடித்த கல் பாலம். மேலே வீடு, கடை, தேவாலயம் எல்லாம் உண்டு. 1282 வாக்கில் பனிக்கட்டி மோதி ஐந்து வளைவுகள் போனது உண்மை. கட்டிவிட்டார்கள். பிறகு 1831 வரை நின்றது. மொத்தம் 622 வருஷம்!

அடுத்து வந்த பாலமும் விழவில்லை. தேம்ஸில் மெதுவாக அமிழ்ந்தது. 8 வருஷத்துக்கு ஓர் அங்குலம்!

பாட்டில் பாலத்தை வெள்ளியாலும் தங்கத்தாலும் கட்டச் சொல்கிறார்கள். லண்டன்காரர்கள் செய்தது வேறு. பாலத்தையே விற்றுவிட்டார்கள்! வாங்கியவர் ராபர்ட் மெக்குல்லக், அமெரிக்காவில் மரம் அறுக்கும் எந்திரம் செய்தவர். வருஷம் 1968. விலை 24,60,000 டாலர்!

கல் கல்லாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, கப்பலில் ஏற்றி, அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு நகரத்தில் கொண்டுபோய் மாட்டினார்கள். எங்கே தெரியுமா? வறண்ட தரையில்! பாலத்துக்குக் கீழே சொட்டுத் தண்ணீர் இல்லை!

பாலம் எழும்பிய பிறகு அடியில் கால்வாய் வெட்டித் தண்ணீரை விட்டார்கள். 1971-ல் திறப்பு விழா. இன்றைக்கும் அதன்மேல் கார் ஓடுகிறது!